வேகம் 90 காட்டுகிறது, டிவியில் மட்டும் படம் ஏன் நிற்கிறது?

கேட்டவர் தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறார். தெருவுக்கு இன்னும் ஃபைபர் வராததால், மொட்டை மாடியில் ஆன்டெனா பொருத்தித் தரப்படும் 5ஜி வீட்டு இணைப்பை எடுத்திருக்கிறார். திட்டத்தின் வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). மாடி அறையில் உள்ள ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் சோதித்தால் 90 காட்டுகிறது. ஆனாலும் கீழ்த்தள ஹாலில் உள்ள டிவியில் இரவு எட்டரைக்கு மேல் படம் நின்று வட்டம் சுற்றுகிறது, சில நாட்களில் மங்கலாகிவிடுகிறது. டிவியில் செருகிப் படம் பார்க்கும் புதிய ஸ்டிக் வாங்கலாமா, வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா, டிடிஎச்சை நிறுத்திவிடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வேகம் இருந்தும் படம் ஓடவில்லை என்றால் பழுது எந்த இடத்தில் இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்காமல் எதை வாங்கினாலும் அது குருட்டுச் செலவு. வீட்டு இணைய இணைப்புகளை அமைப்பதும் பழுது பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில் என்பதால், அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியை அவருக்கே நேராகச் சொல்வதுபோல் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 90 என்ற எண்ணை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு படம் ஓடுவதற்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் சொல்லும் அளவு 720பி படத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 (இவை படத்தின் தெளிவைக் குறிக்கும் அளவுகள், 4கே மிகத் தெளிவானது). யூடியூப் 4கே படத்துக்கு 20 என்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு டிவிகள் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 40 எம்பிபிஎஸ் போதும். எனவே குறை வேகத்தின் உச்ச அளவில் இல்லை. ஒரு மணி நேரப் படத்துக்கு, அந்த 15 எம்பிபிஎஸ் இடைவிடாமல், ஏற்ற இறக்கமின்றி, டிவி வரை வந்து சேர்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. வேகச் சோதனை என்பது அரை நிமிடத்துக்கும் குறைவான ஓட்டம். அது நடக்கும் நேரத்தில் பாதை நன்றாக இருந்தால் எண் நன்றாக வரும். அடுத்த நிமிடம் இரண்டு நொடி பாதை அடைபட்டால் அது சோதனைக்குத் தெரியாது, டிவிக்குத் தெரியும்.

டிவியில் உள்ள செயலி படத்தைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக இறக்கி முன்கூட்டியே சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி போல நினைத்துக்கொள்ளலாம். குழாயில் தண்ணீர் நின்று நின்று வந்தாலும் தொட்டியில் இருப்பு உள்ளவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. வேகம் குறையும்போது செயலி முதலில் தரத்தைக் குறைத்துச் சிறிய துண்டுகளைக் கேட்கும். படம் மங்கலாவது அப்போதுதான். அதற்கும் ஈடுகொடுக்க முடியாமல் சேமிப்பு தீர்ந்துபோனால் வட்டம் சுற்றத் தொடங்கும். மங்குவதும் நிற்பதும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள் என்பது இதனால் விளங்கும். நேரலையில் மட்டும் இந்தச் சேமிப்பு மிகக் குறைவாகவே இருக்க முடியும், ஏனென்றால் இன்னும் வீசப்படாத பந்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வழியில்லை. படம் தடையின்றி ஓடும் வீட்டில் கிரிக்கெட் மட்டும் திணறுவதற்கு இதுவே காரணம்.

உங்கள் வீட்டில் இணையம் இரண்டு முறை காற்றில் பயணம் செய்கிறது: டவரிலிருந்து மொட்டை மாடி ஆன்டெனா வரை ஒரு முறை, ரவுட்டரிலிருந்து டிவி வரை இன்னொரு முறை. இடையில் ஆன்டெனாவையும் ரவுட்டரையும் இணைக்கும் கேபிள் இருக்கிறது, கடைசியில் டிவியோ ஸ்டிக்கோ இருக்கிறது. கம்பிவழி இணைப்பு உள்ளவருக்கு முதல் காற்றுவழி கிடையாது; அவருடைய பழுது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். உங்களுக்கு இரண்டு பக்கமும் சந்தேகம் உண்டு. நீங்கள் எழுதியதில் இரண்டு குறிப்புகள் முக்கியமானவை, அவை இரண்டும் இரண்டு திசைகளைக் காட்டுகின்றன. ‘எட்டரைக்கு மேல்’ என்பது டவர் பக்கம் கை நீட்டுகிறது. ‘மாடியில் ரவுட்டர், கீழே டிவி’ என்பது வீட்டுக்குள் கை நீட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் அது அரிதும் அல்ல.

டவர் பக்கத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இதுபற்றித் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. இந்தியாவில் 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும், அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட 8 நகரங்களில் ஜியோவும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் இந்தச் சேவையைத் தொடங்கின. இது பெரும்பாலும் 2022 அலைக்கற்றை ஏலத்தில் விற்கப்பட்ட 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், அதாவது 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் இயங்குகிறது. ஒரு டவர் ஒரு திசை நோக்கித் தரக்கூடிய மொத்தக் கொள்ளளவு வரையறுக்கப்பட்டது. அதை அந்தத் திசையில் உள்ள எல்லா வீடுகளும், எல்லாக் கைப்பேசிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. பகல் பதினொரு மணிக்கு அந்தப் பங்கு உங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஊரே டிவி முன்னால் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நெரிசல் நேரத்தில் எல்லா வீடுகளும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை. சிக்னல் தெளிவாக உள்ள வீட்டுக்கு டவர் ஓர் அலைக்குறியில், அதாவது ஒரு தடவை அனுப்பும் அலைத் துணுக்கில், 8 பிட் தரவை ஏற்றி அனுப்ப முடியும். சிக்னல் மோசமாக உள்ள வீட்டுக்கு அதே அலைக்குறியில் 2 பிட் மட்டுமே ஏற்றி, பிழை திருத்தத்துக்கும் கூடுதல் இடம் ஒதுக்கி அனுப்ப வேண்டியிருக்கும். டவர் இரண்டு வீடுகளுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கினாலும், ஒருவருக்குக் கிடைக்கும் வேகம் மற்றவருக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. பகலில் டவர் சும்மா இருப்பதால் சிக்னல் மோசமான வீட்டுக்கும் நிறைய நேரம் ஒதுக்கி 90 எம்பிபிஎஸ் தந்துவிடும். இரவில் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே ‘பகலில் 90 வருகிறதே, என் சிக்னல் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது. பகல் வேகம் சிக்னலின் குறையை மறைத்துவிடும்.

சிக்னலைக் காட்டும் எண்கள் இரண்டு. ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வரும் அலையின் வலிமை. அது எதிர்மறை எண்ணாக இருக்கும். −80 என்றால் மிக நன்று, −100 வரை சமாளிக்கலாம், −110க்குக் கீழே போனால் தொல்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது அந்த அலை மற்ற இரைச்சல்களிலிருந்து எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகிறது என்பதன் அளவு. 20க்கு மேல் நன்று, 5க்குக் கீழே மோசம். இரண்டில் எஸ்ஐஎன்ஆரையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அலை வலுவாக இருந்தும், இரண்டு டவர்களின் அலைகள் ஒன்றோடொன்று மோதுகிற இடத்தில் வீடு அமைந்துவிட்டால் இந்த எண் சரிந்துவிடும். சில கருவிகளில் இந்த எண்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் தெரியும், சிலவற்றில் பயனருக்கு மறைக்கப்பட்டிருக்கும். அப்போது பொருத்த வரும் பணியாளரின் கைப்பேசிச் செயலியில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமைதான். ஆன்டெனாவைப் பத்து டிகிரி திருப்புவதாலும், கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பொருத்தியதை ஓர் ஆள் உயரக் குழாயில் ஏற்றுவதாலும் இந்த எண்கள் கணிசமாக மாறும். பொருத்த வந்தவர் அவசரத்தில் எங்கே ஆணி அடிக்க வசதியோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

மழை பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், குற்றாலச் சாரல் அடிக்கும் பக்கம் அல்லவா. 3.5 கிகாஹெர்ட்ஸ் அருகிலுள்ள அலைகளை, ஓரிரு கிலோமீட்டர் தூரத்தில், மழைத்துளிகள் பொருட்படுத்தும் அளவுக்குத் தடுப்பதில்லை. 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் பட்டைகளையே கனமழை நன்றாகப் பாதிக்கும். ஆனால் ஆன்டெனாவுக்கும் டவருக்கும் நடுவே வேப்பமரமோ தென்னந்தோப்போ இருந்தால் கதை வேறு. இலைகள் அலையை உறிஞ்சும், நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சும், காற்றில் அவை ஆடும்போது சிக்னலும் கூடிக் குறையும். ஆடிக் காற்றில் ‘விட்டு விட்டு வருகிறது’ என்று புகார் சொல்பவர்களின் மாடிக்குப் போனால், நான் முதலில் தேடுவது மரத்தைத்தான். மழை நாளில் இணைப்பு முழுவதுமாகவே போய்விடுகிறது என்றால், வெளிக் கேபிளின் இணைப்பு முனையில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. கேபிள் ஆன்டெனாவுக்குள் நுழையும் இடத்தில் அது கீழ்நோக்கி வளைந்து தொங்க வேண்டும், அப்படித் தொங்கினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இனி வீட்டுக்குள் வருவோம். வைஃபை இரண்டு பட்டைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை ஓரளவு ஊடுருவும்; ஆனால் அதில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் மூன்றே, 1, 6, 11. பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த இடத்துக்கே போட்டி போடுகின்றன, இரவில் அந்தப் போட்டியும் கூடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இடவசதி உள்ளது, ஆனால் கான்கிரீட் தளம் ஒன்றைத் தாண்டினாலே பாதி உயிர் போய்விடும். ரவுட்டர் இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே உள்ள உங்கள் டிவி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே தெரியாது. பல டிவிகள் 2.4ஐப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டிவியை ஒரு முறை 5இலும் ஒரு முறை 2.4இலும் இணைத்துப் பாருங்கள். இதற்குக் காசு செலவு இல்லை.

ரவுட்டர் வைக்கும் இடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் அது இரும்புப் பீரோவின் மேலோ, அலமாரியின் உள்ளேயோ, டிவியின் முதுகுப்புறமோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரும்புத் தகடு அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். டிவியின் பின்புறத் தகடும் அப்படியே. அதே காரணத்தால், டிவியின் பின்னால் செருகப்படும் ஸ்டிக் அங்கேயே ஒடுங்கி நின்று சிக்னல் பிடிக்கத் தவிக்கும். ஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் இருந்தால் அதைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துங்கள். ஸ்டிக்கை ஒரு சாண் வெளியே கொண்டுவருவதே பெரிய வேறுபாட்டைத் தரும். மேலும், ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்க வைக்காமல் அதனுடன் வந்த அடாப்டரில் செருகுங்கள். டிவியின் யுஎஸ்பி 2.0 துளை தரவேண்டிய மின்னோட்டம் அரை ஆம்பியர்தான், ஸ்டிக்குக்கு அது பற்றாமல் போய் திடீரென்று அணைந்து எழுந்திருக்கும்.

இருந்தாலும் இந்தச் சில்லறை வேலைகள் எல்லாவற்றையும் விட மேலானது ஒரு லேன் கேபிள். ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேரடியாக ஒரு கேட் 6 கேபிள் இழுத்துவிட்டால் உங்கள் இரண்டு காற்றுவழிகளில் ஒன்று ஒழிந்தது. பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் மட்டுமே தரும், நடைமுறையில் 94 அளவில் நிற்கும். ‘வைஃபையில் 200 வந்ததே, கேபிளில் 94தான் வருகிறது’ என்று சிலர் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். அது தவறு, 94 ஆடாமல் நிற்கும், படத்துக்கு அது ஆறு மடங்கு உபரி. மாடியிலிருந்து கீழே கேபிள் இறக்கச் சுவரைக் குடைய வேண்டும் என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு மாற்று உள்ளது: ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளையே மாடி அறையில் நிறுத்தாமல் வெளிச்சுவர் வழியாகக் கீழ் ஹால் வரை இறக்கி, ரவுட்டரை டிவி மேசைக்கே கொண்டுவந்துவிடலாம். ஈதர்நெட் (லேன்) கேபிள் 100 மீட்டர் வரை போகும். அந்தக் கேபிள் ஆன்டெனாவுக்கு மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோவது என்பதால், மலிவான அலுமினியப் பூச்சுக் கம்பி கொண்டதை வாங்காமல், முழுத் தாமிரக் கம்பி கொண்ட, வெளிப்புறத்துக்கு உரிய கேபிளையே போட வேண்டும்.

எக்ஸ்டெண்டர் பற்றிய என் கருத்து அவ்வளவு உயர்வானது அல்ல. ஒரே பட்டையில் வாங்கி அதே பட்டையில் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர், காற்றில் செலவாகும் நேரத்தை இரட்டிப்பாக்குகிறது. அதனால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் கெட்டுப்போன சிக்னலையே திரும்ப ஒலிபரப்பும். வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் மாடிப்படி நடுவில் வைத்து, அதன் லேன் துளையிலிருந்து டிவிக்குக் கேபிள் போடுங்கள். வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் கருவிகள் இதைவிட மேல், ஆனால் இரண்டு மெஷ் கருவிகளின் விலையில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் உங்கள் வீடு முழுவதும் கேபிள் இழுத்துக் கொடுத்துவிடுவார்.

டிவியும் குற்றவாளியாக இருக்கலாம். சில ஆண்டுகள் பழைய டிவிகளில் சேமிப்பிடம் நிரம்பியும் நினைவகம் போதாமலும் செயலிகள் திணறும். பார்ப்பவருக்கு அது நெட் பழுது போலவே தோன்றும். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. யூடியூபில் ஏதாவது ஒரு 1080பி வீடியோவை டிவியில் ஓடவிட்டு, அமைப்புகளில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால், திரையின் மூலையில் எண்கள் ஓடும் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் இணைப்பின் வேகம், முன்சேமிப்பு எத்தனை நொடி என்ற அளவு, தவறவிட்ட சட்டங்களின் (ஃபிரேம்களின்) எண்ணிக்கை ஆகியவை தெரியும். படம் திக்கும் நேரத்தில் முன்சேமிப்பு படிப்படியாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டால் குற்றம் இணையத்தினுடையது. முன்சேமிப்பு பல பத்து நொடிகள் இருக்கும்போதே படம் வெட்டி வெட்டி ஓடி, தவறவிட்ட சட்டங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் குற்றம் டிவியினுடையது. அப்போதுதான் புதிய ஸ்டிக் பயன் தரும். இன்னொரு சோதனை இதைவிட எளிது: படம் நிற்கிற அதே இரவில், வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை அதில் இணையுங்கள். படம் தடையின்றி ஓடினால் டிவி நிரபராதி.

இவற்றை எந்த வரிசையில் செய்வது என்றால், பழுது நடக்கும் நேரத்திலேயே, அதாவது இரவு ஒன்பது மணிவாக்கில், முதலில் கைப்பேசியை ரவுட்டர் அருகே வைத்து ஃபாஸ்ட்.காம் சோதனையைச் செய்யுங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் சோதனை, அவர்களுடைய படங்கள் வரும் சர்வர்களிலிருந்தே அளக்கும் என்பதால் நம் தேவைக்கு நெருக்கமானது. அங்கேயே 10க்குக் கீழ் வந்தால் டவர் பக்கம் குறை. வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை. அங்கே 50 வந்து, டிவியின் முன் நின்று சோதிக்கும்போது 5 வந்தால் குறை உங்கள் வைஃபையில். இரண்டு இடத்திலும் நன்றாக வந்தும் டிவியில் மட்டும் நின்றால் டிவியோ செயலியோ காரணம். ஒரே இரவில் முடிவெடுக்காமல், கிரிக்கெட் உள்ள இரவும் இல்லாத இரவும் சேர, சில நாட்கள் எழுதி வையுங்கள். 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஹாட்ஸ்டாரில் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஓர் இரவின் அனுபவத்தை வைத்து இணைப்பை எடைபோடுவது நியாயம் ஆகாது.

வீட்டில் யாராவது எதையாவது மேலேற்றிக்கொண்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இந்த வகை இணைப்பில் ஒரே அலைவரிசை நேரம் பிரித்துக் கீழிறக்கத்துக்கும் மேலேற்றத்துக்கும் தரப்படுகிறது, மேலேற்றத்துக்கு ஒதுக்கப்படும் பங்கு சிறியது. கைப்பேசி வைஃபைக்கு வந்தவுடன் நாள் முழுவதும் எடுத்த புகைப்படங்களை கிளவுடுக்கு அனுப்பத் தொடங்கினாலோ, வாசல் கேமரா இடைவிடாமல் பதிவேற்றிக்கொண்டிருந்தாலோ, டிவி அனுப்ப வேண்டிய சின்னஞ்சிறு கோரிக்கைகள் அந்த வரிசையில் சிக்கிக்கொள்ளும். வேலை முடிந்து வீடு திரும்பும் இரவு நேரத்தில்தான் இதுவும் நடக்கிறது என்பதால், டவர் நெரிசல் என்று இதைத் தவறாக எண்ணிவிடுவது எளிது.

படம் நிற்கவில்லை, ஆனால் எப்போதும் மங்கலாகவே இருக்கிறது என்றால் நெட்டைக் குறை சொல்லும் முன் திட்டத்தைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் பேசிக் திட்டம் 720பிக்கு மேல் தராது. சில இணைய இணைப்புகளோடு இனாமாக வருவது இந்தத் திட்டமே. மொபைல் திட்டமோ டிவியில் ஓடவே ஓடாது. 4கே வேண்டுமென்றால் பிரீமியம் திட்டம், 4கே டிவி, ஸ்டிக் வழியாகப் பார்ப்பதானால் எச்டிசிபி 2.2 என்னும் நகல் தடுப்புப் பாதுகாப்புள்ள எச்டிஎம்ஐ துளை ஆகிய எல்லாம் ஒன்றுசேர வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றுக்கு வைட்வைன் எல்1 என்னும் உரிமச் சான்று இல்லை. அவற்றில் ஆயிரம் எம்பிபிஎஸ் கொடுத்தாலும் பல செயலிகள் பழைய டிவிடி தரத்துக்கு மேல் காட்டாது. ஸ்டிக் வாங்குவதானால் அறிந்த நிறுவனத்தினுடையதை மட்டும் வாங்குங்கள்.

மாத வரம்பையும் மறந்துவிடக் கூடாது. கம்பிவழி இணைப்புகளில் பொதுவாக 3,300 ஜிபி வரை அனுமதிக்கிறார்கள். காற்றுவழித் திட்டங்களில் 1,000 ஜிபி என்பது வழக்கம். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை எடுக்கும், எச்டி படம் 3 ஜிபி வரை. அப்படியானால் 4கே ஓர் டிவியில் நாளுக்கு நாலே முக்கால் மணி நேரம் ஓடினாலே மாதக் கணக்கு தீர்ந்துவிடும்; எச்டியில் நாளுக்குப் பதினோரு மணி நேரம் தாங்கும். வரம்பு கடந்தபின் சில திட்டங்களில் 2 எம்பிபிஎஸ்ஸும் சிலவற்றில் 64 கேபிபிஎஸ்ஸும் மட்டுமே கிடைக்கும். இரண்டாவதில் வாட்ஸ்அப் செய்தி போகும், படம் போகாது. உங்கள் தொல்லை மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் வருகிறதா என்று செயலியில் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். யாரும் பார்க்காமல் இரவு முழுவதும் ஓடும் டிவி இதில் பெரிய எதிரி.

டவர் பக்கமே குறை என்று உறுதியானால், வாடிக்கையாளர் சேவையில் ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். நாள், நேரம், ரவுட்டர் அருகே வந்த வேகம், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எண்கள் இவற்றைச் சொல்லி, ஆன்டெனாவை வேறு டவர் நோக்கித் திருப்பிப் பார்க்கும்படி கேளுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைகளின்படி, தீர்வு திருப்தி தராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆன்டெனாவை நகர்த்தினால் சரியாகிவிடும் என்று நான் இங்கிருந்து உறுதி தர இயலாது. அந்தத் திசையில் வீடுகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டிருந்தால், நிறுவனம் கொள்ளளவைக் கூட்டும்வரை இரவுகள் அப்படியேதான் இருக்கும். அந்த நிலையில் உள்ளூர் கேபிள்காரர் ஃபைபர் இழுக்கிறாரா என்று விசாரியுங்கள். ஃபைபரிலும் பங்கீடு உண்டு, ஜிபான் என்னும் வகை ஃபைபரின் ஓர் இழையில் வரும் 2.5 கிகாபிட்டைப் பல வீடுகள் பிரித்துக்கொள்கின்றன. ஆனால் அங்கே உங்கள் வீடு எங்கே இருக்கிறது, நடுவில் மரம் இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. தெருவுக்கு ஃபைபர் வந்த அன்றே மாறிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை, காற்றுவழி இணைப்பை அதுவரைக்குமான ஏற்பாடாகவே கொள்ளுங்கள்.

டிடிஎச்சைப் பொறுத்தவரை உடனே நிறுத்த வேண்டாம். இணையம் வழி வரும் நேரலை, டிடிஎச்சைவிடப் பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம் வரை பின்தங்கும். பக்கத்து வீட்டில் சிக்ஸர் சத்தம் கேட்டபின் உங்கள் டிவியில் பந்து வீசப்படும். அதைவிட முக்கியம் மின்வெட்டு. இன்வர்ட்டர் உள்ள வீட்டில் கவலையில்லை. இல்லையென்றால் ரவுட்டருக்கு மட்டும் சிறிய யுபிஎஸ் போட்டால் போதாது, மாடி ஆன்டெனாவுக்கு மின்சாரம் தரும் பெட்டிக்கும் சேர்த்துப் போட வேண்டும், இரண்டின் வோல்ட்டும் வேறுபடலாம் என்பதால் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சாரல் காலமும் ஒரு கிரிக்கெட் தொடரும் முழுதாகக் கடந்து, அதற்குள் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகள் நன்றாக இருந்தால், அடுத்த ரீசார்ஜ் தேதியில் டிடிஎச்சை விட்டுவிடலாம்.